கண்டிப்பான தலைமை ஆசிரியரா, தட்டிக்கொடுப்பவரா?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் நீங்கள். நான்கு வருடம் ரொம்பக் கண்டிப்பான ஒரு தலைமை ஆசிரியரின் கீழ் வேலை பார்த்திருக்கிறீர்கள். ஜூனில் வந்த புதியவர் எதையும் ஆசிரியர்களைக் கேட்டுச் செய்கிறவர். “எந்த மாதிரி ஹெச்.எம். இருந்தால் ஆசிரியர்கள் நன்றாகப் பாடம் நடத்துவார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது: “முன்பு பயம் இருந்தது, இப்போது இல்லை. ஆனால் என் வகுப்பு மாறியிருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை.” நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். தலைமை ஆசிரியரின் குணம் வகுப்பறைக் கதவைத் தாண்டி உள்ளே வருகிறதா? வந்தால் எந்த வழியாக வருகிறது?

நீடாமங்கலம், மன்னார்குடி, கும்பகோணம் வட்டாரங்களில் 33 வருடம் வேலை பார்த்தேன். எட்டுத் தலைமை ஆசிரியர்களின் கீழ் அறிவியல் ஆசிரியராக இருந்தேன், கடைசி ஏழு வருடம் நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எம்.எட். படித்தபோது பள்ளி நிர்வாகம்தான் என் சிறப்புப் பாடம். தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. அதனால் நான் சொல்வதை அரசுப் பள்ளிக்கும், ஓரளவு அரசு உதவி பெறும் பள்ளிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எட். படித்த எல்லோருக்கும் மூன்று வகைத் தலைமை மனப்பாடம்: சர்வாதிகாரத் தலைமை, ஜனநாயகத் தலைமை, தலையிடாத் தலைமை. இது குர்ட் லெவினும் ரொனால்ட் லிப்பிட்டும் ரால்ஃப் வைட்டும் 1939இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அந்த ஆய்வில் ஆசிரியர் ஒருவர்கூட இல்லை என்பதை நம் புத்தகங்கள் சொல்வதில்லை. அமெரிக்காவின் ஐயோவாவில், பள்ளி விட்டபின் முகமூடி செய்வது போன்ற கைவேலைக்காகக் கூடிய பத்து வயதுப் பையன்களின் சிறு குழுக்கள் அவை. அதட்டி வேலை வாங்கிய பெரியவர் அறையில் இருக்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது, அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்தியவர் வெளியே போன பிறகும் வேலை பெரிதாகக் குறையவில்லை. பையன்களிடம் கண்டதை இருபது வருடம் வகுப்பெடுத்த ஆசிரியருக்கு அப்படியே பொருத்தி, ஜனநாயகத் தலைமையே சிறந்தது என்று தேர்வில் எழுதி மார்க் வாங்கினோம். அந்த முடிவை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த ஆய்விலிருந்து ஒரு சோதனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: தலைமை ஆசிரியர் சி.இ.ஓ. (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) அலுவலகக் கூட்டத்துக்குப் போன நாளில் பள்ளி எப்படி நடக்கிறது? நம் ஊரில் அந்த நாட்கள் கொஞ்சமில்லை. 2003இல் இந்தியா முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்த ஓர் ஆய்வில், நாலில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை. தலைமை ஆசிரியர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இல்லாமல் இருந்தார்கள். ஆகவே தான் இருக்கும்போது மட்டும் நடக்கும் பள்ளியை ஒருவர் உருவாக்கினால், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அது பள்ளியாக இருக்காது.

கண்டிப்பால் என்ன கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆள் கிடைக்கும். நான் பார்த்த மிகக் கண்டிப்பான தலைமை ஆசிரியர் காலை எட்டே முக்காலுக்குக் கேட்டில் நிற்பார். ஒரு வருடத்தில் தாமதம் என்பதே அங்கே இல்லாமல் போயிற்று. மணி அடித்தால் ஐந்தாவது நிமிடம் எல்லா வகுப்பிலும் ஆசிரியர் இருப்பார். இது சின்ன விஷயமில்லை. ஆசிரியர் இல்லாத வகுப்பில் எந்தக் கற்பித்தல் முறையைப் பற்றிப் பேசியும் பயனில்லை. ஆனால் அந்த ஆசிரியர் உள்ளே என்ன செய்தார்? நோட்ஸ் சொல்லி எழுத வைத்தார். கேட்டால் காட்ட நோட்டு இருந்தது, பாடக்குறிப்பு தேதிவாரியாக இருந்தது. பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை, ஹெச்.எம்.மும் கேட்கவில்லை. ஆளைக் கொண்டுவந்து வகுப்பில் நிறுத்துவதோடு மெமோவின் வேலை முடிந்துவிடுகிறது.

கண்டிப்பு மட்டுமே சரியான இடமும் ஒன்று உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் இழந்தோம். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் தலைமை ஆசிரியர் ஆன எவருக்கும் கட்டடம், சமையல் கூடம், மாடிப்படி, பூட்டிய கதவு இவற்றில் ஆசிரியர்களின் கருத்தைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. நவம்பர் மழையில் ஓதம் ஏறிய சுவருக்குப் பக்கத்தில் வகுப்பு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒரே மனிதர் இந்த விஷயத்தில் உத்தரவு போடுகிறவராகவும் பாட விஷயத்தில் கேட்டு நடக்கிறவராகவும் இருக்க வேண்டியிருக்கிறது. “அவர் எந்த வகை?” என்ற கேள்வி எனக்குப் போதாமல் படுவது அதனால்தான்.

தட்டிக்கொடுப்பவர்களிடமும் வேலை பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் உண்மையிலேயே நல்ல மனிதர். யாருக்கும் மெமோ கொடுத்ததில்லை, கேட்ட லீவைக் கொடுப்பார். மூன்றே வருடத்தில் அந்தப் பள்ளியின் சுமை முழுவதும் இரண்டு பேர் தலையில் விழுந்தது. கல்வி உதவித்தொகைப் பட்டியல், எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு எல்லாம் அந்த இரண்டு பேர்தான். செய்யாதவரிடம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை, செய்கிறவரிடம் மேலும் கொடுத்தார். அந்த இருவரில் ஒருவர் அடுத்த கலந்தாய்வில் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தலைமை ஆசிரியரின் மென்மைக்கு அந்தப் பள்ளி கொடுத்த விலை, இருந்ததிலேயே நல்ல ஓர் ஆசிரியர்.

சரி, அப்படியென்றால் எது வகுப்புக்குள் போகிறது? ஆய்வுகளில் எனக்கு நம்பிக்கை தருவது 2008இல் நியூசிலாந்தின் விவியன் ராபின்சன் குழுவினர் வெளியிட்ட தொகுப்பு. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆசிரியர்களுக்கு ஊக்கமும் இலட்சியமும் ஊட்டும் தலைமையைவிட, பாடம் நடத்துவதிலேயே கண்ணாக இருக்கும் தலைமைக்கு மாணவர் கற்றலோடு உள்ள தொடர்பு மூன்று நான்கு மடங்கு வலுவாக இருந்தது. அதிலும் முதலிடத்தில் நின்றது எது தெரியுமா? தலைமை ஆசிரியர் ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு அறைக்குள் உட்காராமல், தானும் அவர்களோடு உட்கார்ந்து கற்பது. இதையும் ஒரு எல்லையோடுதான் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தவை. எது காரணம், எது விளைவு என்று பிரித்துக் காட்டும் வகை ஆய்வுகளும் அல்ல. நல்ல ஆசிரியர்கள் நிறைந்த பள்ளியில் தலைமை ஆசிரியருக்குப் பாடத்தைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கிறது என்று தலைகீழாகவும் வாசிக்கலாம். இருந்தும் நான் கண்ணால் கண்டதோடு அது ஒத்துப்போகிறது.

நான் கண்டதில் முதலாவது நேர அட்டவணை. ஜூன் முதல் வாரத்தில் தலைமை ஆசிரியர் போடும் அந்த ஒரு தாள்தான் வருடம் முழுக்க அவர் எடுக்கும் முடிவுகளிலேயே பெரியது. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சீனிவாச இராமானுஜன் மாணவராக இருந்தபோது, 1,200 மாணவர்களை ஏறத்தாழ 35 ஆசிரியர்களுக்குப் பிரித்து அமைக்கும் வேலையில் மூத்த கணித ஆசிரியர் அவர் உதவியை வாங்கிக்கொண்டார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். அவ்வளவு சிக்கலான கணக்கு அது. ஆனால் கணக்கைவிடப் பெரியது, யாரை எங்கே போடுகிறோம் என்பது. எல்லாப் பள்ளியிலும் கெட்டிக்கார ஆசிரியர் பத்தாம் வகுப்புக்குப் போவார். புதிதாக வந்தவர், எதிர்த்துப் பேசாதவர், பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர் ஆறாம் வகுப்புக்குப் போவார்கள். ரிசல்ட் பத்தாம் வகுப்பில்தான் கேட்கப்படுகிறது என்பதால் இப்படி. நான் பார்த்த ஒரு தலைமை ஆசிரியர் மட்டும் பள்ளியின் சிறந்த தமிழாசிரியரை ஆறாம் வகுப்பில் போட்டார். “தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாதவன் பத்தாம் வகுப்புக்கு வந்து உங்க அறிவியலை என்ன செய்வான்?” என்று என்னிடம் கேட்டார். அந்த ஆசிரியருக்கு முதலில் கோபம். பிறகு அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது என் வகுப்பில் வித்தியாசம் தெரிந்தது. நான் திறமைசாலி ஆகிவிடவில்லை. என் பாடத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எனக்குக் கிடைத்தார்கள். ஓர் ஆசிரியரின் திறன் என்று நாம் பேசுவதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அட்டவணை போட்டவருடையது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது, வகுப்பைப் பார்க்க வரும் விதம். ஆண்டாய்வுக்கு அதிகாரி வரும்போது நாம் எல்லோரும் நன்றாகத் தெரிந்த பாடத்தை எடுத்து, நன்றாகப் படிக்கும் பிள்ளையிடம் கேள்வி கேட்போம். அதிலிருந்து யாரும் எதையும் கற்பதில்லை. என்னை மாற்றியது ஒரே ஒரு தலைமை ஆசிரியரின் பழக்கம். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்காருவார். நோட்டில் எதுவும் எழுத மாட்டார். சாயங்காலம் டீ குடிக்கும்போது ஒரே கேள்விதான் வரும். “மூணாவது வரிசை ஜன்னல் ஓரம் இருந்த பொண்ணு ஒரு மணி நேரம் எதுவும் எழுதலையே, ஏன் சார்?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் எனக்கு எந்த முறையையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து நான் அந்த வரிசையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மூன்றாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அது என் சொந்தத் தவறிலிருந்து தெரிந்துகொண்டது. தலைமை ஆசிரியரான முதல் வருடம், பத்தாம் வகுப்புக்கு மாலை ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு வைத்தேன். மூன்று வாரத்தில் பெண் பிள்ளைகள் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். படிப்பில் அக்கறை இல்லை என்று நினைத்து இன்னும் கடுமையாகப் பேசினேன். கடைசியில் பள்ளியைப் பெருக்கும் அம்மாதான் சொன்னார். ஐந்தே காலுக்கு ஒரு டவுன் பஸ், அதை விட்டால் எட்டு மணிக்குத்தான் அடுத்தது. நடுவில் வாய்க்கால் ஓரமாக மூன்று கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டும். இது பன்னிரண்டு ஆசிரியர்களுக்கும் தெரியும், ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. முதல் கூட்டத்திலேயே நான் ரிசல்ட்டைப் பற்றிப் பேசிய தொனி, இவரிடம் எதையும் சொல்ல முடியாது என்று அவர்களுக்குக் காட்டியிருக்கிறது. மறுநாள் நேரத்தைக் காலைக்கு மாற்றினேன், கூட்டத்தில் தவறு என்னுடையது என்று சொன்னேன். அதன் பிறகும் ஆசிரியர்கள் மனம் திறந்து பேச ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “இந்தப் பாடம் என் வகுப்பில் ஏறவில்லை” என்று ஓர் ஆசிரியர் வாய்விட்டுச் சொன்னால்தான் அதைச் சரிசெய்ய முடியும். சொன்னால் 17ஏ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை, வரும் என்றால் யார் சொல்வார்கள்? பயம் உள்ள பள்ளியில் மதிப்பெண் பட்டியலும் எமிஸ் பதிவும் உண்மையைவிட உயர்ந்து நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். சொன்னாலும் ஒன்றும் நடக்காது என்கிற பள்ளியில் அதே உண்மை ஸ்டாஃப் ரூம் புலம்பலாக முடிந்துவிடும். கண்டிப்பானவரிடமும் மென்மையானவரிடமும் ஒரே விளைவு வரும் இடம் இது. இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்தியாவிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைக்கும் முயற்சியை கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்தார்கள். மதிப்பீடு நடந்தது, திட்டங்களும் எழுதப்பட்டன. ஆனால் பள்ளி நடக்கும் விதத்திலும் மாணவர் கற்றலிலும் மாற்றம் எதுவும் இல்லை. கேட்டதைக் காகிதத்தில் கொடுக்க நம் பள்ளிகளுக்கு நன்றாகத் தெரியும். உண்மையைக் கொண்டுவருவது தலைமை ஆசிரியருக்கும் ஆசிரியருக்கும் நடுவில் உள்ள நம்பிக்கை மட்டும்தான்.

மேலிருந்து வரும் அழுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீளாய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி குறைந்த பள்ளியின் தலைமை ஆசிரியரை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்துவார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மனதில் இருக்கும் சூட்டை மறுநாள் ஸ்டாஃப் ரூமில் கொட்டுவதா, வேண்டாமா என்பதில்தான் ஒருவரின் தலைமை தெரியும். ஏச்சைத் தன்னோடு வைத்துக்கொண்டு, “எந்தப் பாடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டவர்கள் எட்டுப் பேரில் இரண்டு பேர்தான்.

அப்புறம், பிள்ளைகளைப் பற்றித் தலைமை ஆசிரியர் பேசும் பேச்சு. டெல்டாவில் இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 தண்ணீர் திறந்து, குறுவை நடவு தொடங்கும் நாட்களில்தான் பள்ளியும் திறக்கும். அம்மா விடியலில் நடவுக்குப் போய்விட்டால் தம்பி தங்கையைக் குளிப்பாட்டிக் கிளப்பிவிடும் வேலை மூத்த பெண்ணுக்கு. அவள் ஒன்பதாம் வகுப்பு, பத்தரை மணிக்கு வருவாள். (2023 ஆகஸ்டில் திருக்குவளையில் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கிய பிறகு, தம்பிக்குச் சோறு போட்டுவிட்டு வரும் அவசரம் அவளுக்குக் கொஞ்சம் குறைந்தது.) அந்தப் பெண்ணைக் கேட்டில் நிறுத்தி, “இதுங்களுக்கு எதுக்குப் படிப்பு” என்று ஒரு தலைமை ஆசிரியர் சொன்னால், அது கேட்டோடு நிற்காது. பின்னால் நிற்கும் ஆசிரியர்களும் கேட்கிறார்கள். விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகளிடம், சில தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று பள்ளியின் தலையே சொல்லிவிட்ட பிறகு, அவர்களுக்காக ஒரு கணக்கை மூன்றாவது விதமாகச் சொல்லிப் பார்க்க ஆசிரியருக்கு ஏன் தோன்றும்? வீட்டுச் சூழல் மாறாமலே, தலைமை ஆசிரியரின் வாய் மாறியதால் மட்டும் ஆசிரியர்களின் பேச்சு மாறிய பள்ளியையும் பார்த்திருக்கிறேன். கற்றல் எவ்வளவு மாறியது என்று என்னிடம் கணக்கு இல்லை. பேச்சு மாறியது நிச்சயம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, தலைமை ஆசிரியரால் முடியாததையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகளில் வரும் பல முதல்வர்கள் ஆசிரியரைத் தாங்களே தேர்ந்தெடுப்பவர்கள். நம்மவருக்கு நியமனமும் கையில் இல்லை, மாறுதலும் கையில் இல்லை. காலிப் பணியிடத்தை அவரால் நிரப்ப முடியாது. பணிமூப்பில் ஐம்பது வயதுக்கு மேல்தான் பலருக்கு அந்தப் பதவி வருகிறது, ஓய்வுக்குள் இரண்டு மூன்று வருடம்தான் கிடைக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தனியாகத் தலைமை ஆசிரியர். அதனால் நம் கிராமத்து ஈராசிரியர் பள்ளிகளில் தலைமை ஆசிரியரே மூன்று வகுப்பை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் எடுத்துக்கொண்டு சத்துணவுக் கணக்கையும் எழுதுகிறார். அவரிடம் தலைமைப் பாணியைப் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பயம் போனதும் வகுப்பு தானாக மாறாது. பயம் இல்லாத இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்கார வேண்டும், அது பாடத்தைப் பற்றிய பேச்சாக இருந்தால் நல்லது. புதிய ஹெச்.எம். கேட்டுச் செய்கிறவர் என்கிறீர்கள். அவர் எதைக் கேட்கிறார் என்று கவனியுங்கள். ஆண்டு விழாத் தேதியையும் மாற்று வகுப்பையும் மட்டும் கேட்டால், நாளடைவில் நான் சொன்ன அந்த நல்ல மனிதரின் பள்ளியாகிவிடும் ஆபத்து உண்டு. அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே ஒன்று செய்யலாம். உங்கள் ஒன்பதாம் வகுப்பில் பின்னம் கூட்டத் தெரியாத பிள்ளைகளின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். குறைத்துக் காட்ட வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு போய், “சார், இவர்களுக்கு நான் நடத்துவது போய்ச் சேரவில்லை. வாரம் இரண்டு பீரியட் தனியாக வேண்டும், ஒரு நாள் நீங்களும் வந்து உட்கார்ந்து பாருங்கள்” என்று கேளுங்கள். பீரியட் ஒதுக்குகிறாரா, வந்து உட்காருகிறாரா, அந்தத் தாள் உங்களுக்கு எதிராக எங்காவது திரும்புகிறதா என்ற மூன்றும் அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிடும்.

மாறுதல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடியும்வரை பொறுங்கள். முடிந்ததும் அந்தத் தாளை எடுத்து, எத்தனை பெயரை அடிக்க முடிகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.